லகூன் பவளத்திட்டின் நலத்தைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொரீஷியஸைச் சுற்றி ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளத்திட்டு ஓடுகிறது. கரையில் நின்றால் தூரத்தில் வெள்ளையாக அலை உடையும் கோடு தெரியும். ‘பிரிசான்’ என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கோடுதான் திட்டின் விளிம்பு. அதற்கும் மணற்கரைக்கும் நடுவே இருக்கும் லகூனில் பல இடங்களில் ஆழம் ஓரிரு மீட்டருக்கு மேல் போகாது. முகக்கண்ணாடியும் சுவாசக் குழாயும் இருந்தாலே அங்கே ஒழுங்கான கணக்கெடுப்பு செய்துவிடலாம். அப்படிச் செய்ய முன்வரும் பள்ளிகள், மீனவக் கிராமங்கள், படகு ஓட்டுபவர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

அரசுதான் கண்காணிக்கிறதே, நாங்கள் வேறு எதற்கு?

அல்பியோனில் உள்ள மீன்வள ஆராய்ச்சி மையம் நீண்ட காலமாகக் குறிப்பிட்ட இடங்களில் பவளத்தை அளந்து வருகிறது. ஆனால் எந்த நிறுவனமும் ஒவ்வொரு குடாவுக்கும் மாதாமாதம் வர முடியாது. 2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னி அருகே திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் ஏறத்தாழ 1000 டன் எண்ணெய் கசிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு இடத்தைப் பற்றியும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது? முன்பு அளந்து எழுதி வைத்த இடத்தில் மட்டுமே அதற்குப் பதில் சொல்ல முடியும். விபத்து நடந்த மறுநாள் போய் ‘முன்பு இருந்த நிலை’யை அளக்க வழியில்லை.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

கண்ணாடிநார் அளவு நாடா 100 மீட்டர் (50 மீட்டர் நாடா இரண்டு இருந்தாலும் சரி). இரும்பு நாடா வேண்டாம், இரண்டே மாதத்தில் துருப்பிடித்து எண்கள் போய்விடும். எழுத வெள்ளை பிவிசி பலகை. மழுங்கிய பென்சில் இரண்டு, நூலால் பலகையில் கட்டியது. கூர்மையாகச் சீவிய பென்சில் நீருக்கடியில் முதல் வரியிலேயே முறிந்துவிடும். ஒரு மீட்டர் நூலில் கட்டிய 10 மில்லிமீட்டர் இரும்பு நட்டு ஒன்று. அது எதற்கென்று கீழே வரும். 20 செ.மீ., 30 செ.மீ. என்று கறுப்பு நாடாவால் குறித்த ஒரு பிவிசி குழாய். படகுகளுக்குத் தெரியும்படி ஆரஞ்சு நிற மிதவை. குட்டைத் துடுப்புக் காலணி. நீளமான துடுப்பு அணிந்து ஒரு மீட்டர் ஆழத்தில் நீந்தினால், அளக்கப் போன பவளத்தை நாமே உடைத்துவிட்டு வருவோம். முழு உடலையும் மறைக்கும் நீச்சல் சட்டை போட்டால் கடலில் கரையும் சன் க்ரீமின் தேவை பெருமளவு குறையும்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

மிக அழகான இடத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எல்லோரும் செய்யும் முதல் தவறு இது. ஒரு பகுதியில் எது நிறைய பவளம் உள்ள மூலையோ அங்கே நாடாவை விரித்தால், அதன் பிறகு எந்த மாற்றமும் சரிவாகவே தெரியும், ஏனென்றால் உச்சியிலிருந்து தொடங்கியிருக்கிறோம். லகூனின் வரைபடத்தை எடுத்துக் கரையோரத் திட்டு, நடுத் திட்டு, பிரிசானுக்குப் பின்புறம் என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் கண்ணை மூடிக்கொண்டு புள்ளி வைப்பது போல இடம் எடுங்கள். ஆற்று வாயிலுக்கு அருகே ஓர் இடமும், அதிலிருந்து தள்ளி ஒப்பிட இன்னோர் இடமும் இருந்தால் நல்லது. மூன்று இடத்தைப் பத்து ஆண்டு பார்ப்பது, பத்து இடத்தை ஒரே ஒரு முறை பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

அதே இடத்துக்குத் திரும்ப வருவது எப்படி? ஜிபிஎஸ் போதாதா?

போதாது. கைப்பேசி ஜிபிஎஸ் நான்கைந்து மீட்டர் பிசகும். லகூனில் நான்கு மீட்டர் தள்ளினால் பவளத்தை விட்டு மணலில் நிற்போம். மீனவர்கள் வலைபோடும் இடத்தை வைத்துக்கொள்ளும் முறைதான் நம்பகமானது: கரையில் இரண்டு திசையில் இரண்டு கரைக்குறிகள். உதாரணமாக, ஒரு பக்கம் லயன் மலையின் முகடும் அதற்கு நேர் கீழே ஒரு வீட்டின் கூரையும் ஒரே கோட்டில் வர வேண்டும். இன்னொரு பக்கம் ஒரு ஃபிலாவோ (சவுக்கு) மரமும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரமும். இரண்டையும் நீர்மட்டத்திலிருந்து படம் எடுத்து வையுங்கள். மரம் புயலில் விழலாம், ஆகவே மலையோ கட்டடமோ ஒன்றாவது இருக்கட்டும்.

நீருக்கடியில் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க, உயிரில்லாத பாறையில் துருப்பிடிக்காத எஃகு ஆணி அடித்து எண்ணிட்ட பட்டையைக் கட்டலாம். இதற்கு முன்அனுமதி தேவை. ஆட்கள் கால் வைக்கும் ஆழத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி வேண்டவே வேண்டாம்; அங்கே ஒரு சிறு சிமெண்ட் கட்டி போதும். பட்டையில் மூன்று மாதத்தில் பாசி படிந்து எண் மறையும். ஒவ்வொரு முறையும் பழைய பல் துலக்கியால் தேயுங்கள்.

எப்போது போக வேண்டும்?

முழுக் கணக்கெடுப்பு ஆண்டுக்கு இரு முறை: கோடைக்கு முன் அக்டோபர் கடைசியிலும், கோடை வடிந்த பின் மே மாதத்திலும். இவை தவிர, தைப்பூசக் காவடி முடிந்த வாரத்திலிருந்து சித்திரை வருஷப்பிறப்பு வரை இரு வாரத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் சும்மா நீந்திப் பார்த்து வாருங்கள். நம் கடல் மிகவும் சூடாக இருப்பது பிப்ரவரி, மார்ச் மாதங்களில்தான். வெளிறல் (வெப்பத்தால் பவளம் நிறமிழந்து வெள்ளையாவது) தொடங்கினால் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும்.

நாளில், காலை நேரம் நல்லது. வெயில் ஏற ஏறத் தென்கிழக்குக் காற்றும் ஏறும், நீர் கலங்கும். இங்கே ஏற்ற இறக்க வேறுபாடு பெரும்பாலும் அரை மீட்டர் அளவுதான். ஆனாலும் ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த அரை மீட்டர்தான் பவளத்தில் வயிறு உரசுமா உரசாதா என்பதைத் தீர்மானிக்கும். நீர் ஏற்றத்தில் போங்கள். கிழக்குக் கரையில் ஜூலை முதல் செப்டம்பர் வரை பல நாள் கடலில் இறங்கவே முடியாது, அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

நாடா விரித்துக் கணக்கெடுப்பதைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

உலகெங்கும் தன்னார்வலர்கள் பயன்படுத்தும் ரீஃப் செக் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். கற்பது எளிது, மற்ற நாடுகளின் எண்களோடும் ஒப்பிடலாம்.

நூறு மீட்டர் நாடாவை ஒரே ஆழத்தில், கரைக்கு இணையாக விரிக்க வேண்டும். அதில் 20 மீட்டர் வீதம் நான்கு துண்டுகள், இடையில் 5 மீட்டர் இடைவெளி. அதாவது 0 முதல் 19.5 வரை, 25 முதல் 44.5 வரை, 50 முதல் 69.5 வரை, 75 முதல் 94.5 வரை. ஒவ்வொரு அரை மீட்டரிலும் நாடாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். துண்டுக்கு 40 புள்ளி, மொத்தம் 160.

முதல் ஆள் நாடாவைப் பாறையின் முட்டுகளில் மாட்டி, விறைப்பாக இழுத்து விரிக்கிறார். தளர்ந்த நாடா அலைக்கு இரண்டு பக்கமும் அரை மீட்டர் ஆடும், அப்போது எந்தப் புள்ளியும் புள்ளியே இல்லை. நாடாவை மான்கொம்புப் பவளத்தின் கிளைகளுக்குள் செருகாதீர்கள், எடுக்கும்போது கிளை முறியும்.

இரண்டாவது ஆள் நட்டு கட்டிய நூலோடு வருகிறார். நாடாவின் 0 குறியில் தொடங்கி, ஒவ்வொரு அரை மீட்டர் குறியிலும் நூலைப் பிடித்து நட்டைக் கீழே விடுகிறார். அது எதைத் தொடுகிறதோ அதுதான் பதில். இந்தச் சின்ன நட்டு இல்லையென்றால் கண் ஏமாற்றும். நாடா கீழ்மட்டத்திலிருந்து அரை மீட்டர் உயரத்தில் தொங்கும்போது, நாம் எந்தப் பக்கம் மிதக்கிறோமோ அதற்கேற்பப் புள்ளி இடம் மாறித் தெரியும். மனமும் தன்னையறியாமல் மணலை விட்டுப் பக்கத்துப் பவளத்தைத் தேர்ந்தெடுக்கும். நட்டு பாசிக் குவியலுக்கும் ஒரு சிறு பவளத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தால், முதலில் தொட்டதை எழுதுங்கள். பொறுத்துப் பார்த்துப் பிடித்ததை எழுதக் கூடாது.

எந்தெந்த வகைகளாகப் பிரிப்பது? எங்கே குழப்பம் வருகிறது?

கடினப் பவளம், மென்பவளம், அண்மையில் இறந்த பவளம், ஊட்டச்சத்து மிகுதியைக் காட்டும் சதைப்பாசி, கடற்பஞ்சு, பாறை, உடைசல், மணல், வண்டல், பிற. இந்தப் பத்து போதும்.

மணலா வண்டலா என்று தெரியாவிட்டால் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவுங்கள்: உடனே விழுந்தால் மணல், புகைபோல மிதந்தால் வண்டல். 15 சென்டிமீட்டருக்குச் சிறிய துண்டு உடைசல், அதைவிடப் பெரியது பாறை. பாறைமேல் மயிர்போல் ஒட்டியிருக்கும் குட்டைப் பாசியைப் பாறை என்றே எழுத வேண்டும். இலைபோல் தழைத்த பாசிதான் சதைப்பாசி. இந்த ஒன்றில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால், ஓர் ஆண்டு லகூன் பாசி மூடிக் கிடந்ததாகவும் மறு ஆண்டு சுத்தமாகிவிட்டதாகவும் கணக்கு காட்டும். ஆகவே இறங்குவதற்கு முன் இருவரும் ஒரே 40 புள்ளிகளைத் தனித்தனியே எழுதி ஒப்பிடுங்கள். நான்குக்கு மேல் வேறுபட்டால் அந்த நாள் பயிற்சி நாள், கணக்கெடுப்பு நாள் அல்ல.

வெளிறிய பவளம் உயிருள்ள பவளம். அதைக் கடினப் பவளம் என்றே எழுதி, பக்கத்தில் ‘வெ’ என்று குறியுங்கள்.

எண்களைப் பார்த்து எப்படி முடிவு சொல்வது?

ஓர் எடுத்துக்காட்டு. நான்கு துண்டுகளில் கடினப் பவளம் 6, 11, 9, 6 புள்ளிகள். மொத்தம் 160இல் 32, அதாவது 20 சதவீதம். ஆனால் துண்டுதுண்டாகப் பார்த்தால் 15 முதல் 27.5 வரை போகிறது. 160 புள்ளியில் கிடைக்கும் 20 சதவீதத்துக்கு மேலும் கீழும் ஆறு சதவீதம் வரை தற்செயலாகவே மாறலாம். அடுத்த ஆண்டு 17 வந்தால் ‘பவளம் குறைந்தது’ என்று அறிக்கை எழுத முடியாது. 20 என்பது 9 ஆனால் எழுதலாம். 20, 17, 15, 12 என்று நான்கு ஆண்டு ஒரே பக்கம் சரிந்தாலும் எழுதலாம். ஒற்றை ஆண்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு மகிழ்வதும் பதறுவதும் இரண்டுமே வேண்டாம்.

எத்தனை சதவீதம் இருந்தால் நல்ல திட்டு என்று கேட்பார்கள். அப்படி ஒரு பொது எண் இல்லை. இயல்பாகவே மணல் மிகுந்த லகூனில் 15 சதவீதம் நல்ல நிலையாக இருக்கலாம். உங்கள் இடத்தின் பழைய எண்ணே உங்கள் அளவுகோல்.

வெள்ளையாக இருக்கிறது. வெளிறியதா, செத்ததா, ஏதாவது தின்றதா?

இதைப் பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான் கண்காணிப்பின் பாதி வேலை. காரணம் தவறாக எழுதப்பட்டால், அதன் மேல் எடுக்கும் நடவடிக்கையும் தவறாகும்.

பவளத்தின் நிறம் அதன் சதைக்குள் வாழும் நுண்பாசியுடையது. வெப்பத்தில் பாசி வெளியேறும்போது சதை கண்ணாடி போலாகி, கீழே உள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. உயிர் இன்னும் இருக்கிறது. கிட்டே போய்ப் பாருங்கள்: மேற்பரப்பில் ஈரமான மெல்லிய படலம் ஒன்று பளபளக்கும், பவள உயிர்கள் குடியிருக்கும் சிறு கிண்ணங்களின் ஓரம் மழுங்கித் தெரியும், சிலவற்றில் நூல்போன்ற உணர்கொம்புகளும் அசையும். கேமராவில் மிக அருகே படம் எடுத்துப் பெரிதாக்கினால் இது நன்றாகத் தெரியும். விரலால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். தொடாதீர்கள், வெளிறிய சதை எளிதில் கிழியும்.

அண்மையில் இறந்ததில் அந்தப் படலம் இராது. கிண்ணங்களின் ஓரம் புதிதாய்ச் செதுக்கியது போலக் கூர்மையாக இருக்கும். ஓரிரு வாரத்தில் அதன்மேல் பச்சை அல்லது பழுப்புப் பாசித் தூசு படியும். வெளியிலிருந்து பார்த்துவிட்டு ‘நிறம் திரும்பிவிட்டது’ என்று சிலர் மகிழ்ச்சியோடு எழுதுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையான மீட்சியில் நிறம் சதைக்குள்ளிருந்து வரும், கிண்ண ஓரங்கள் மழுங்கலாகவே இருக்கும்.

தின்னப்பட்டதற்கு எல்லை இருக்கும். முட்கிரீட நட்சத்திரமீன் வயிற்றை வெளியே பிதுக்கிப் பவளத்தின் மேல் வைத்துச் செரித்து உண்ணும். அது விட்டுப்போன இடம் ஒரு தட்டின் அளவில் வெள்ளை வட்டமாக இருக்கும், பக்கத்திலேயே நல்ல நிறத்தில் சதை. பகலில் அது அடியில் ஒளிந்திருக்கும், ஆகவே வட்டத்தைக் கண்டால் சுற்றிலும் உள்ள பொந்துகளைப் பாருங்கள். ட்ருபெல்லா நத்தை வேறு விதம்: 2 முதல் 4 செ.மீ. முட்டுமுட்டான ஓடு, கிளைகளின் அடியில் கூட்டமாக ஒட்டியிருக்கும், வெள்ளை கீழிருந்து மேலே ஏறும். கிளிமீன், நம் ‘கத்தோ’, கடித்த தடம் இரண்டு சிறு கோடுகளாய்ச் சுண்ணாம்பு பெயர்ந்து தெரியும், அது இயல்பானது.

நோய் என்றால் உயிருள்ள சதைக்கும் பாசி பிடித்த பழைய எலும்புக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை ஓடும். பட்டையின் ஓரத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, ஒரு வாரம் கழித்து மறுபடி எடுத்தால் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும்.

இன்னும் இரண்டு. மான்கொம்புப் பவளத்தின் கிளைநுனி எப்போதும் வெள்ளைதான், அது வளரும் இடம். உருண்டையான போரைட்டிஸ் பவளத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் கண்டால் அது உறுத்தலுக்கு அது காட்டும் எதிர்வினை, வெளிறல் அல்ல. மாறாக, ஒரு கிளைப்பவளம் திடீரென்று பளிச்சென்ற நீலமாகவோ ஊதாவாகவோ மாறினால் அழகென்று விட்டுவிடாதீர்கள். அது வெளிறலின் ஒரு வடிவம்.

வண்ண அட்டையை எப்படிப் பயன்படுத்துவது?

குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் தரும் அட்டையில் நான்கு வண்ண வரிசைகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 6 வரை படிகள். ஒரு பவளத்தின் மிக வெளிர் பகுதிக்கும் மிக அடர் பகுதிக்கும் பொருந்தும் எண்களை எழுதுங்கள். கிளைநுனியையும் உங்கள் நிழல் விழும் இடத்தையும் தவிருங்கள். ஒரு முறைக்கு 20 பவளங்கள். அதே பவளம் முன்பு 5 ஆக இருந்து இப்போது 3 என்றால் அது பொருளுள்ள மாற்றம். ஒரு படி வேறுபாடு கண்ணின் வேறுபாடாக இருக்கலாம். கரைக்கு வந்து புகைப்படத்தில் எண் போடாதீர்கள். நீருக்கடியில் கேமரா நிறத்தை மாற்றிவிடும், அட்டையும் பவளமும் ஒரே படத்தில் இருந்தால் தவிர. வெயிலில் கிடந்த அட்டை தானே வெளிறும், பயன்படுத்தாதபோது இருட்டில் வையுங்கள்.

வெளிறல் வரப்போவதை முன்கூட்டியே அறிய முடியுமா?

ஓரளவு முடியும். அமெரிக்காவின் நோவா அமைப்பு செயற்கைக்கோள் வெப்பநிலையிலிருந்து ‘வெப்ப வாரங்கள்’ என்ற கணக்கை நாள்தோறும் இணையத்தில் வெளியிடுகிறது. ஓர் இடத்தின் வழக்கமான மிகச் சூடான மாதச் சராசரியைவிட 1 டிகிரி கூடுதலாக ஒரு வாரம் இருந்தால் 1 என்று சேர்க்கிறார்கள். 2 டிகிரி கூடுதலாக இரு வாரம் இருந்தால் 4. பன்னிரண்டு வாரக் கூட்டல் 4 ஐத் தொட்டால் வெளிறலை எதிர்பார்க்கலாம், 8 ஐத் தொட்டால் பவளம் சாகத் தொடங்கலாம். நான்காவது உலகளாவிய வெளிறல் நடந்துவருவதாக 2024 ஏப்ரலில் அறிவித்ததும் இதே அமைப்பு, சர்வதேசப் பவளத்திட்டு முயற்சியோடு சேர்ந்து.

இதில் ஒரு குறை. செயற்கைக்கோள் 5 கிலோமீட்டர் கட்டமாகப் பார்க்கிறது. அது பார்ப்பது பெரும்பாலும் பிரிசானுக்கு வெளியே உள்ள கடலை. காற்றில்லாத மத்தியானம் தேங்கி நிற்கும் லகூன் நீரை அல்ல. மேகமும் கணக்கை மாற்றும். 1998இல் செஷல்ஸ் பவளங்கள் பேரளவில் மடிந்தபோது இங்கே இழப்பு குறைவாக இருந்ததற்கு, அந்த பிப்ரவரியில் வந்த அனாசெல் புயலின் மேகமும் மழையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆகவே எச்சரிக்கை வந்தால் போய்ப் பாருங்கள். வராவிட்டாலும் அந்த மாதங்களில் போய்ப் பாருங்கள்.

வெப்பப் பதிவுக்கருவியைப் பொருத்துவதில் என்ன கவனிக்க வேண்டும்?

தீப்பெட்டி அளவுள்ள சிறு கருவிகள் போதும். அரை மணிக்கு ஒரு பதிவு என்று அமையுங்கள், நாளைக்கு 48. பவளம் இருக்கும் அதே ஆழத்தில், பாதியாய் அறுத்த வெள்ளை பிவிசி குழாயின் அடியில் கட்டுங்கள். மேலே மூடியும் இரு பக்கமும் திறந்தும் இருக்க வேண்டும். நேரடி வெயில் பட்டால் ஆழமில்லாத நீரில் கருவி தானே சூடாகி ஒன்றிரண்டு டிகிரி கூடக் காட்டும். வெளிறலா இல்லையா என்பதே ஒரு டிகிரியில் இருக்கும்போது அந்தப் பதிவால் பயனில்லை.

போடும் முன்னும் எடுத்த பின்னும் சோதியுங்கள். நல்ல தண்ணீரில் செய்த பனிக்கட்டியை நொறுக்கிக் கொஞ்சம் நீர் விட்டு, கலக்கிக்கொண்டே 20 நிமிடம் கருவியை வைத்தால் 0 காட்ட வேண்டும். இரண்டு சோதனைக்கும் வேறுபாடு வந்தால் அதை எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துத் தேய்த்து, தரவை இறக்கிவிட்டுத் திரும்பப் போடலாம். ஒரே இடத்தில் இரண்டு போடுவது நல்லது, ஒன்றைப் புயல் கொண்டுபோகும்.

மீன் தொட்டிக்கு விற்கும் நைட்ரேட் சோதனைப் பெட்டி உதவுமா?

உதவாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள். பவளத்திட்டு நீரில் நைட்ரேட் லிட்டருக்கு மில்லிகிராமின் நூறில் சில பங்குகள் என்ற அளவில் இருக்கும். அந்தப் பெட்டிகள் ஒன்று, ஐந்து மில்லிகிராம் என்று காட்டுபவை. கரும்புத் தோட்ட உரமும் கழிவுத் தொட்டிக் கசிவும் லகூனைப் பாழாக்கிக்கொண்டிருக்கும்போதே அது ‘பூஜ்யம்’ காட்டும், அந்தப் பூஜ்யத்தை யாராவது சான்றாக எடுத்துக் காட்டுவார்கள். ஊட்டச்சத்தை அறிய வேண்டுமென்றால், வடிகட்டி உடனே உறைய வைத்த மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.

நீங்களே அளக்கக் கூடியவை வேறு உண்டு. ஒளிவிலகல்மானியால் உப்புத்தன்மை: கடல்நீர் ஆயிரத்துக்கு 35 அளவில் இருக்கும். பெருமழைக்குப் பின் ஆற்று வாயிலிலிருந்து 50 மீட்டருக்கு ஒரு முறை அளந்தால் நன்னீர் எவ்வளவு தூரம் வந்தது என்று தெரியும். வெறுங்கடற்கரையில் எண் திடீரென்று குறைந்தால், எரிமலைப் பாறைக்குள்ளிருந்து நிலத்தடி நீர் ஊறும் இடமாக இருக்கலாம். அங்கே பச்சைப் பாசியும் தழைத்திருக்கிறதா என்று பாருங்கள். நீர்த் தெளிவுக்கான 20 செ.மீ. வட்டத்தகடு ஆழமில்லாத இடத்தில் தரையைத் தொட்டுவிடும். அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, எத்தனை மீட்டரில் மறைகிறது என்று நாடாவால் அளங்கள்.

மீன்களையும் எண்ண வேண்டுமா?

எண்ணுவது நல்லது, ஆனால் நாடா விரித்த உடனே வேண்டாம். 15 நிமிடம் விலகி இருங்கள், பயந்தோடிய மீன் திரும்பட்டும். பிறகு நாடாவின் இரு பக்கமும் 2.5 மீட்டர் வரை, ஐந்து மீட்டருக்கு ஒரு முறை நின்று எண்ணுங்கள். வண்ணத்துப்பூச்சி மீன், 20 செ.மீ.க்கு மேற்பட்ட கத்தோ, 30 செ.மீ.க்கு மேற்பட்ட களவா (நம் மீனவர்களின் ‘வியேய்’) என்று சிலவற்றை மட்டும். நீருக்கடியில் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும்; அதற்குத்தான் குறிபோட்ட குழாய்.

பிறகு அதே பட்டையில் கடல் முள்ளெலி, கடல் அட்டை, ஊரித் (எண்காலி), பெருஞ்சிப்பி, முட்கிரீட நட்சத்திரமீன். முள்ளெலி மிகக் குறைந்தால் பாசி மூடும், மிகக் கூடினால் அது பாறையையே சுரண்டித் தின்னும். எண்ணிக்கையைப் பாசியின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். ஊரித் பிடிப்புத் தடைக்காலத்துக்கு முன்னும் பின்னும் எண்ணினால் அந்த எண் மீனவர்களுக்கே பயன்படும்.

எதுவும் இல்லாவிட்டால் கட்டத்தில் 0 என்று எழுதுங்கள். வெற்றுக் கட்டம் ‘இல்லை’ என்றும் பொருள்படும், ‘பார்க்க மறந்தேன்’ என்றும் பொருள்படும்.

முட்கிரீட நட்சத்திரமீன் ஒன்றைக் கண்டோம். படையெடுப்பா?

ஒன்று இருப்பது இயல்பு. நான்கு துண்டுகளின் பட்டை மொத்தம் 400 சதுர மீட்டர்தான். அதில் ஒன்று கண்டால் ஹெக்டேருக்கு 25 என்று கணக்கு வரும், கேட்க அச்சமாக இருக்கும். ஆனால் அவ்வளவு சிறிய பரப்பிலிருந்து அப்படிப் பெருக்கக் கூடாது. பரந்த இடத்தைப் பார்க்க, படகுக்குப் பின்னால் 17 மீட்டர் கயிற்றில் பலகையைப் பிடித்துக்கொண்டு, இரண்டிரண்டு நிமிடமாக இழுபட்டு எண்ணும் முறை இருக்கிறது. பலகையைப் பிடிப்பவரும் படகோட்டியும் பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும். நட்சத்திரமீனை நீங்களாக வெட்டவோ பிடுங்கவோ வேண்டாம், முள்ளில் நச்சு உண்டு. படமும் இடமும் குறித்து மீன்வள அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள்.

சட்டமிட்ட படங்களும் கணினியும் நாடாவுக்கு மாற்றாகுமா?

அரை மீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, நேர் மேலிருந்து படமெடுத்து, கோரல்நெட் போன்ற மென்பொருளில் புள்ளிகளை வகைப்படுத்தலாம். படம் என்றும் இருக்கும், பின்னால் யாரும் சரிபார்க்கலாம் என்பது பெரிய நன்மை. மென்பொருளின் தானியங்கித் தீர்ப்பை அப்படியே ஏற்காதீர்கள். நம் லகூனின் சில நூறு படங்களைக் கையால் வகைப்படுத்திப் பழக்கிய பிறகே அது இறந்த மான்கொம்பையும் உயிருள்ளதையும் ஓரளவு பிரிக்கும்.

நட்டு வளர்த்த பவளம் உள்ள இடத்தில் நாடா விரிக்கலாமா?

தனி நாடா, தனி ஏடு. இரண்டையும் கலந்தால் நட்டதால் கூடிய சதவீதம் இயற்கை மீட்சியாகத் தெரியும். நட்டவற்றில் எண்ணிட்ட 50 துண்டுகளைத் தொடர்ந்து பார்த்து, எத்தனை உயிரோடிருக்கின்றன என்று ஒரு மாதம், ஆறு மாதம், ஓராண்டு, ஒரு கோடை கடந்த பின் என எழுதுங்கள்.

அனுமதி வேண்டுமா?

புளூ பே, பலக்லாவா இரண்டும் கடல் பூங்காக்கள். அங்கே கணக்கெடுக்கும் முன் மீன்வளத் துறையிடம் எழுத்தில் கேளுங்கள். எந்த இடத்திலும் ஆணி, கட்டி, கருவி எதையும் பொருத்துவதற்கும் கேட்க வேண்டும். பவளத் துண்டு எதையும், செத்ததாக இருந்தாலும், ‘மாதிரிக்கு’ என்று எடுத்து வராதீர்கள்.

பாதுகாப்பு?

தனியாக ஒருபோதும் இறங்காதீர்கள். நீரில் இருவர், கரையில் நேரம் பார்க்கும் ஒருவர். வெளிக்கடலில் பெரிய அலை இருந்தால் லகூனே அமைதியாக இருந்தாலும் போக வேண்டாம்: பிரிசானைத் தாண்டி உள்ளே கொட்டும் நீர் முழுவதும் ‘பாஸ்’ எனப்படும் திட்டின் இடைவெளி வழியாகத்தான் வெளியேறும், அந்த இழுப்பை எதிர்த்து யாரும் நீந்த முடியாது. நீரில் நடந்தால் தடித்த அடிப்பாகமுள்ள காலணி போட்டு, காலைத் தேய்த்து நடங்கள். மணலில் கிடக்கும் ‘லாஃப்’ எனும் கல்மீனின் முள் மெல்லிய செருப்பைத் துளைக்கும். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் காலை வைத்து, 114 ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள். கூம்புச் சங்கைக் கையில் எடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்லுங்கள்.

தரவை எப்படி வைத்துக்கொள்வது?

பலகையைக் கழுவும் முன் படம் எடுங்கள். அன்று இரவே கணினியில் ஏற்றுங்கள். மூன்று நாள் கழித்தால் ‘கப’ என்று எழுதியது கடினப் பவளமா கடற்பஞ்சா என்று உங்களுக்கே தெரியாது. ஒவ்வொரு தாளிலும் தேதி, தொடங்கிய நேரம், இடம், ஆழம், எழுதியவர் பெயர், நீர்த் தெளிவு. ஒருவர் படிக்க, மற்றவர் தட்டச்சிடட்டும். சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு புள்ளிக் கணக்கைத் தூக்கி எறியாதீர்கள், 160 வரிகளும் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை நகலை அல்பியோன் மையத்துக்கும் உள்ளூர்ப் பள்ளிக்கும் கொடுங்கள், ஒரு கணினி பழுதானால் பத்து ஆண்டு போகக் கூடாது.

பழைய தாளில் பிழை இருப்பது பின்னால் தெரியவந்தால்?

அழிக்காதீர்கள். ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, திருத்திய தேதியும் காரணமும் போடுங்கள். எது சரியென்று உறுதியாகத் தெரியாவிட்டால் பழையதை அப்படியே விட்டு, சந்தேகத்தை ஓரத்தில் எழுதுங்கள்.